நடந்தால்தான் வழி: ஆற்றங்கரைக் காலைநடையும் மலாக்காத் தமிழும்



மொழி பற்றிய பொதுச் சொற்பொழிவு என்றால் இலக்கணம், இலக்கியம், கல்வெட்டு, கலைச்சொல்லாக்கம் ஆகியவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றைவிடச் சிறியதொரு பொருள். பள்ளி விடுமுறையில் மாணவர்கள் சிலர் மலையடிவாரத்தில் முகாமிட்டுத் தங்குகிறார்கள். மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து, ஆற்றை ஒட்டிய ஒற்றையடித் தடத்தில், பேச்சில்லாமல் ஒரு மணி நேரம் நடந்து திரும்புகிறார்கள். அவ்வளவுதான். இந்த ஒரு மணி நேர நடை தமிழ் கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் என்ன தருகிறது என்பதே என் கேள்வி.

கேள்விக்கு விடை காணும் முன், நாம் நாள்தோறும் பயன்படுத்தும் சில சொற்களைப் பார்ப்போம். ஒரு சொல் மக்களிடையே பயன்பட்டுவந்தால் அது ‘வழக்கில் இருக்கிறது’ என்கிறோம். வழக்கு என்பது ‘வழங்கு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. வழங்குதல் என்றவுடன் கொடுத்தல் என்னும் பொருளே இன்று நம் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அதற்கு இயங்குதல், நடமாடுதல் என்னும் பொருளும் உண்டு. விலங்குகள் நடமாடும் காட்டை அவை வழங்கும் காடு என்று பழம்புலவர் கூறுவர். ஆகவே சொல்லின் வழக்கு என்பது அடிப்படையில் சொல்லின் நடமாட்டம். எழுதும் முறையை ‘நடை’ என்கிறோம். அதுவும் கால்கள் தந்த சொல். நல்ல பழக்கத்தை ‘ஒழுக்கம்’ என்கிறோம். அது நீர் ஒழுகுவதைக் குறிக்கும் ‘ஒழுகு’ என்னும் வினையிலிருந்து வந்தது. அறிவின் பிரிவுகளைத் ‘துறை’ என்கிறோம். ஆற்றில் இறங்கும் இடமே துறை.

‘ஆறு’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு சிறு தெளிவு தேவை. நதிக்கும் வழிக்கும் தமிழர் ஒரே சொல்லை வைத்தனர் என்று மேடைகளில் கூறக் கேட்கிறோம். பழந்தமிழில் வழியைக் குறித்தது ‘ஆறு’; நதியைக் குறித்தது ‘யாறு’. யானை ஆனையாகவும், யாமை ஆமையாகவும், யாண்டு ஆண்டாகவும் மாறியதுபோல யாறும் ஆறாயிற்று. சொல்முதல் யகரம் மறைந்தபின் இரண்டும் ஒரே ஒலியில் வந்து நின்றன. ஆற்றுப்படை என்பது வழிப்படுத்தும் பாட்டு, நதிப் பாட்டன்று. ஆயினும் காட்டில் வழி தெரியாதவன் ஆற்றைப் பிடித்து இறங்கினால் ஊருக்கு வந்து சேர்வான் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் அறிவர். ஒலிமாற்றம் தற்செயலாகச் சேர்த்துவைத்த இரண்டு பொருள்களை வாழ்க்கையும் சேர்த்தே வைத்திருந்தது.

மலாக்காவின் ஆறுகளும் ஊர்ப்பெயர்களும்

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். மலாக்கா சிறிய மாநிலம். அலோர் காஜா, மலாக்கா தெங்கா, ஜாசின் என மூன்றே மாவட்டங்கள். வடக்கே லிங்கி ஆறு நெகிரி செம்பிலானோடும், தெற்கே கேசாங் ஆறு ஜொகூரோடும் எல்லையாக அமைந்துள்ளன. நடுவே மலாக்கா ஆறு அலோர் காஜா வட்டாரத்தின் வழியாக இறங்கி, நகரின் நடுவே ஓடி நீரிணையில் கலக்கிறது. ஜாசின் மாவட்டத்தில் ஜொகூர் எல்லையை ஒட்டி அசாஹான் உள்ளது. அதற்கு அப்பால் 1,276 மீட்டர் உயரத்தில் குனோங் லேடாங் நிற்கிறது. மலையடிவாரத்தில் அருவியும் ஓடைகளும் இருப்பதால் முகாமிட விரும்புவோர் அப்பக்கம் செல்வதுண்டு.

நம் ஊர்ப்பெயர்களில் பாதி, ஆற்றங்கரையில் நடந்தவர்கள் இட்ட பெயர்கள். ‘குவாலா’ என்றால் கழிமுகம். குவாலா லிங்கி, குவாலா சுங்கை பாரு. ‘லுபோக்’ என்றால் ஆற்றின் ஆழமான இடம், நம் மொழியில் மடு, லுபோக் சைனா. ‘பாயா’ என்றால் சதுப்பு, பாயா ரும்புட். ‘ஆயர்’ என்றால் நீர், ‘குரோ’ என்றால் கலங்கல். இரண்டும் சேர்ந்தது ஆயர் குரோ. விலங்குக்காட்சிசாலைக்கும் நெடுஞ்சாலைச் சாவடிக்கும் பெயர்பெற்ற அவ்வூரின் பெயருக்குள் கலங்கிய நீர் ஓடிக்கொண்டிருப்பதை எத்தனை மாணவர் அறிவர்? ‘அலோர்’ என்றால் நீர்க்கால், ‘காஜா’ என்றால் யானை. அலோர் என்னும் அந்தச் சொல்லுக்கு நம் தோட்டத்தமிழில் ஓர் உறவுச்சொல் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

முகாமும் வைகறையும்

முகாமிடுதல் மேலைநாட்டார் தந்த பழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு, 103 அடிகள் கொண்டது, பாடியவர் நப்பூதனார். அதில் அரசனின் பாசறை காட்டாற்றை அடுத்த நிலத்தில் அமைகிறது. புதர்களை வெட்டி இடம் துப்புரவு செய்கிறார்கள். முள்ளால் மதில் வளைக்கிறார்கள். தழையால் கூரை வேய்கிறார்கள். நீர்க்கன்னல் வைத்துப் பொழுது கணக்கிடுவார் இருக்கிறார்கள். நீருக்கு அருகில் தங்குவது, இடத்தைச் சுத்தம் செய்வது, காவல் வைப்பது, நேரம் பார்ப்பது ஆகியவையே இன்றைய மாணவர் முகாமிலும் முதல் நாள் வேலைகள்.

முகாம் என்னும் சொல்லைப் பாருங்கள். அது அரபு மொழியில் தங்குமிடத்தைக் குறித்த சொல்லின் வழிவந்தது. மலாயில் கூடாரத்தைக் குறிக்கும் ‘கெமா’ என்பதும் அரபுச் சொல்லே. ஒரே மொழியிலிருந்து வெவ்வேறு வழிகளில் புறப்பட்ட இரண்டு சொற்கள் இன்று மலாக்கா மாணவன் ஒருவனின் வாயில் சந்திக்கின்றன. முகாம் என்று சொல்லும்போது யாரும் தமிழை விட்டு வெளியேறிவிட்டதாக உணர்வதில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமில் தங்கியவர்க்குக் கிடைக்கும் பொழுது வைகறை. சிறுபொழுது ஆறனுள் ஒன்றாக இலக்கணத்தில் படிக்கிறோம். மருதத் திணைக்குரிய பொழுது என்று தேர்வில் எழுதுகிறோம். ‘வைகுதல்’ என்றால் தங்குதல். இரவாய்த் தங்கியிருந்த இருள் அற்றுப்போகும் பொழுது வைகறை என்று விளக்கம் தருவர். மின்விளக்கு எரியும் அடுக்குமாடியில் இருள் தங்குவதுமில்லை, அறுவதுமில்லை. அதனால் அங்கு வளரும் பிள்ளைக்கு வைகறை என்பது ‘அதிகாலை’ என்பதன் கடினமான மறுபெயராக மட்டும் தெரிகிறது. கூடாரத்துணியை விலக்கி வெளியே வந்து, முதலில் ஒன்றும் தெரியாமல், பிறகு மரங்களின் வடிவம் மட்டும் தெரிந்து, பிறகு பச்சை நிறம் மெல்ல வந்து சேர்வதைப் பார்க்கும் பிள்ளைக்கு இருள், கருக்கல், வைகறை, விடியல் என்னும் சொற்கள் ஒரு பொருட் பன்மொழி அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகள் என்பது விளங்கிவிடுகிறது. அகராதியைக் கொண்டு இதை விளக்க அரை மணி நேரம் ஆகும்; விளக்கினாலும் மறந்துபோகும்.

தோட்டத்தின் விடியல்

வைகறையை நன்கறிந்த தமிழர் மலாக்காவில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1876இல் ஹென்றி விக்காம் அமேசானின் கிளையாறான தப்பாஜோஸ் பகுதியில் திரட்டிய ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் நாற்றுகளாகச் சிங்கப்பூர் வந்தன. பின்னர்ச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி ரப்பரைப் பயிரிடும்படி எல்லாரையும் வற்புறுத்திவந்தார். அதற்குச் செவிசாய்த்து 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் நட்டவர் டான் சே யான். அதன்பின் அசாஹான் பக்கமும் ரப்பர் பரவியது. மலாயா முழுவதும் பரவிய ரப்பர்த் தோட்டங்களின் தொடக்கம் நம் மாநிலத்தில்தான். அமேசான் கரையின் மரமும் தமிழகத்து ஆற்றுப்படுகைகளின் மக்களும் இவ்வாறு இம்மண்ணில் வந்து சேர்ந்தனர்.

ரப்பர் மரத்தின் பால்குழல்களில் அழுத்தம் மிகுந்திருப்பது வெயில் ஏறுவதற்கு முன்னர். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் பால் ஒழுகுவது குறைந்துவிடும். ஆகவே பால்வெட்டும் தொழிலாளி இருட்டோடு எழுந்தாக வேண்டும். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தம் நிரையில் இறங்கி, நூற்றுக்கணக்கான மரங்களை விடியுமுன் வெட்டத் தொடங்குவார். அன்றைய கடிகாரமும் வேறு. 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதனால்தான் இன்று மலாக்காவில் காலை 7 மணியளவில் சூரியன் எழுகிறது. ‘அஞ்சரைக்குப் பெரட்டு’ என்று தாத்தா சொன்னால், இன்றைய கணக்கில் அது ஆறு மணி என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

அந்தத் தொழிலுக்கென்று ஒரு தமிழ் உருவாயிற்று. நிரை, வெட்டுக்கத்தி, பட்டை, ஒட்டுப்பால், கட்டிப்பால் ஆகியவை தமிழ்ச்சொற்களால் ஆனவை. கண்காணிப்பவர் கங்காணி. பால் வடியும் கிண்ணம் மங்கு. மலாயில் கிண்ணத்திற்கு ‘மங்கோக்’ என்று பெயர். இரண்டு வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கழி காண்டா. வரிசை வீடுகள் லயம். தமிழ், மலாய், ஆங்கிலம் என்னும் மூன்று கரைகளிலிருந்தும் எடுத்துக் கட்டிய இச்சொற்றொகுதியில், தமிழ் இலக்கணம் சற்றும் குலையவில்லை. ‘காண்டாவைத் தூக்கிக்கிட்டு நெரையிலிருந்து வந்தேன்’ என்னும் பேச்சில் வேற்றுமை உருபும் வினையெச்சமும் தத்தம் இடத்தில் சரியாக நிற்கின்றன.

1970களுக்குப் பின்னர் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை ஏறியது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைம்மாறின. லயத்துக் குடும்பங்கள் நகரங்களுக்கு நகர்ந்தன. பிள்ளைகளின் கல்வியும் வருவாயும் உயர்ந்ததை நாம் வரவேற்க வேண்டும். லயத்து வாழ்வின் வறுமையை யாரும் திரும்ப அழைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த இடமாற்றத்தில் ஒரு சொற்றொகுதி சுமையுந்தில் ஏறாமலே நின்றுவிட்டது.

ஆற்றை ஒட்டிய தடத்தில்

இப்பொழுது அந்த நடையை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் செல்கிறார்கள். பேசுவதில்லை என்று முன்பே உறுதி செய்துகொண்டார்கள். முதல் பத்து நிமிடம் தம் காலணி ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. பிறகு நீரின் ஓசை பிரிந்து கேட்கிறது: கல்லில் பட்டால் சலசலப்பு, பள்ளத்தில் விழுந்தால் இரைச்சல், மடுவில் ஓசையே இல்லை. குயில் கூவுகிறது. மீன்கொத்தி ஒன்று நீரின் மேலாகப் பறந்து கிளையில் அமர்கிறது. வெண்ணிற மார்பும் நீல முதுகும் கொண்ட அந்த மீன்கொத்தி வங்கக் கடலின் இரு கரையிலும் வாழ்வது. காவிரிப் படுகையிலிருந்து வந்த ஒருவர் இங்கே முதன்முதலில் அதைக் கண்டபோது, பெயர் தேட வேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்காது. மூங்கில், நாணல், பெரணி, தொட்டாற்சுருங்கி ஆகியவையும் அவ்வாறே. லாலாங் புல்லுக்கு மட்டும் அவர் மலாயிடம் பெயர் வாங்கிக்கொண்டார்.

ஈரமான இலைகளிலிருந்து அட்டை காலில் ஏறும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தரையில் இலைமீது காத்திருக்கும் அட்டைக்கு மலாயில் ‘பாச்சாட்’ என்றும், நீரில் வாழும் அட்டைக்கு ‘லிந்தா’ என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பொதுவழக்குத் தமிழில் இரண்டும் அட்டையே. மறுபக்கம் பார்த்தால், ஆறு விட்டுச்செல்லும் மண்ணுக்குத் தமிழில் வண்டல், எக்கல், சேறு, சகதி, அளறு, அலை வரி படிந்த கருமணலுக்கு அறல் எனப் பல பெயர்கள் உள்ளன. எந்த இடத்தில் எந்த மக்கள் எதை உற்றுப் பார்த்து வாழ்ந்தார்களோ, அந்த இடத்தில் அவர்கள் மொழி நுணுக்கமாகப் பிரிகிறது. இதில் உயர்வு தாழ்வு இல்லை. வெப்பக்காட்டில் நடந்தவர்க்கு இருவகை அட்டையையும் பிரிக்க வேண்டியிருந்தது. உழவர்க்கு மண்ணைப் பிரிக்க வேண்டியிருந்தது.

அத்தகைய நடை ஒன்றில், தடத்தைக் குறுக்கிட்டு ஓடிய தெளிந்த சிறு நீரோட்டத்தைக் கடந்தோம். திரும்பி வந்து, கண்டவற்றைச் சொல்லுங்கள் என்றபோது, நகரில் வளர்ந்த மாணவன் ஒருவன் அதனை ‘லோங்காங்’ என்றான். மலாயில் அது சாக்கடையைக் குறிக்கும் சொல். அவன் கவனக்குறைவாகப் பேசவில்லை. ஒடுங்கிய கால் வழியே ஓடும் நீர் என்று அவன் பிறந்தது முதல் கண்டது வீட்டு முன்னுள்ள சிமெண்டு வடிகால் ஒன்றே. மலையிலிருந்து வரும் குளிர்ந்த நீரைச் சாக்கடை என்று சொன்னபோது, அவனுக்குத் தெரிந்த உலகத்தை அவன் சரியாகவே பெயரிட்டான்.

உடனிருந்த மாணவி ஒருத்தி அன்று மாலை தன் பாட்டிக்குத் தொலைபேசியில் இதனைச் சொன்னாள். பாட்டி சிரித்துவிட்டு, “அது லோங்காங் இல்லம்மா, அல்லூரு. நாங்க லயத்துக்குப் பின்னால துணி தொவச்சது, மீன் புடிச்சது எல்லாம் அல்லூருலதான்” என்றாராம். அல்லூர் என்பது நீர்க்காலைக் குறிக்கும் மலாய் ‘அலூர்’ என்பதன் தோட்டத்து வடிவம். அலோர் காஜாவில் உள்ள அலோரும் அதுவே. மலாயில் பிறந்து, லகரம் இரட்டித்து, ஊர்ப்பெயர்போல் தமிழ்க் காதுக்கு இசைந்து, ‘அல்லூரில்’, ‘அல்லூருக்கு’ என்று உருபேற்று, இரண்டு மூன்று தலைமுறை நம்மோடு வாழ்ந்த சொல். அதைச் சொல்லப் பாட்டிக்கு ஒரு நொடியும் ஆகவில்லை. பேத்தி அச்சொல்லை அதுவரை கேட்டதே இல்லை. கேட்பதற்கான சூழல் ஒருமுறையும் வாய்க்கவில்லை.

எது மொழியைக் குறைக்கிறது

இந்த இடத்தில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. கடன்சொல் தமிழைக் குறைப்பதில்லை. சொல்லுக்குரிய செயல் நின்றுபோவதே தமிழைக் குறைக்கிறது. தமிழும் மலாய்க்குக் கொடுத்திருக்கிறது: கப்பல் அங்கே ‘காப்பால்’, கடை அங்கே ‘கெடாய்’, பெட்டி அங்கே ‘பெத்தி’, கட்டில் அங்கே ‘காத்தில்’, குளம் அங்கே ‘கோலாம்’. இவற்றால் மலாய் தேய்ந்துபோகவில்லை. அவ்வாறே அல்லூரால் தமிழ் தேய்ந்துபோகவில்லை. அல்லூரை அறியாத பிள்ளை ஓடை என்பதையும் அறியவில்லை, வாய்க்காலையும் அறியவில்லை என்பதே கவலைக்குரியது. தூய சொல்லும் கடன்சொல்லும் ஒரே நாளில் வெளியேறிவிட்டன.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்று மலாக்கா நகரிலேயே இருக்கிறது. காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டி சமூகத்தார், மலாக்கா சுல்தானகக் காலத்தில் வணிகத்திற்காக வந்து இங்கேயே மணமுடித்துக் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். அவர்தம் வீட்டுமொழி பல தலைமுறைகளுக்கு முன்பே மலாயாகிவிட்டது. ஆயினும் சைவ வழிபாட்டை விடாது காத்துவருகிறார்கள். ஆற்றுக்கு அருகில் பொற்கொல்லர் தெருவில் உள்ள பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் அச்சமூகத்தின் தலைவர் தைவநாயகம் செட்டி காலத்தில் எழுந்தது. முன்னோர்க்கு உணவு படைக்கும் ‘பார்ச்சு’ என்னும் சடங்கை அவர்கள் இன்றும் செய்கிறார்கள். பொங்கலை ஒட்டிச் செய்வதற்குப் ‘பார்ச்சு பொங்கால்’ என்று பெயர். தமிழில் ஒரு வாக்கியம் அமைக்க இயலாத நிலையிலும், பொங்கல் என்னும் சொல் அவர்களிடம் ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. காரணம் எளிது: அவர்கள் ஆண்டுதோறும் பொங்கலிடுகிறார்கள். செயல் நிற்பதால் சொல் நிற்கிறது.

நமக்கோ நிலைமை தலைகீழ். வாக்கியம் அமைக்கத் தெரியும், தேர்வு எழுதத் தெரியும், ஆற்றில் இறங்கியதில்லை. இலக்கணம் கையில் இருக்க, பொருள்கள் நழுவுகின்றன.

அமைதி ஏன்

நடையின்போது ஏன் பேசக்கூடாது என்று மாணவர்கள் கேட்பார்கள். அழகை நுகர்வதற்கு என்று கூறலாம்; அதைவிட அழுத்தமான காரணம் ஒன்று உண்டு. நம் நாட்டு மலையாறுகளில் ‘கெப்பாலா ஆயர்’ என்று ஓர் ஆபத்து இருக்கிறது. நீரின் தலை என்பது அதன் நேர்ப்பொருள். மலைமேல் பெய்த மழை திரண்டு, அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதே சுவர்போல் இறங்கிவரும் பெருக்கு அது. அருவிகளில் குளித்துக்கொண்டிருந்தவர் பலரை அது கொண்டுபோயிருக்கிறது. வருமுன் சில அறிகுறிகள் காட்டும்: தெளிந்த நீர் கலங்கலாகும், சருகும் செத்தையும் மிதந்துவரும், சலசலப்பு இரைச்சலாக மாறும், நீர்மட்டம் ஏறும். கண்டவுடன் கரையேறி மேட்டுக்குச் செல்ல வேண்டும். பொருள்களை எடுக்க நிற்கக் கூடாது.

சொல் இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது என்று மொழியியல் கூறவில்லை. எந்த மொழியினரும் கலங்கிய நீரைக் காண முடியும். ஆனால் கண்டதை முன்னே செல்பவருக்கு ஒரே மூச்சில் சொல்ல, இருவருக்கும் பொதுவான சொல் வேண்டும். ‘கலங்கல் வருது, மேலேறு!’ என்று ஒருவன் கூவும்போது மற்றவன் ‘கலங்கல்னா என்ன?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அந்தச் சொல் தமிழாக இருக்கட்டும், ‘கெப்பாலா ஆயர்’ என்னும் மலாயாக இருக்கட்டும். குழுவில் எல்லாரும் முன்பே அறிந்த சொல்லாக இருக்க வேண்டும். ஆகவே ஆற்றங்கரையில் அமைதி என்பது கேட்டல். கேட்டல் என்பது பாதுகாப்பு. மொழிப்பாடத்தின் நான்கு திறன்களில் கேட்டலை முதலில் வைத்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர்கள் செய்யத்தக்கவை

ஆசிரியப் பெருமக்கள் இதனை நடைமுறைக்குக் கொண்டுவரப் பெருஞ்செலவு தேவையில்லை. சில எளிய வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, நடையை முன்னே வையுங்கள். சொற்பட்டியலைப் பின்னே வையுங்கள். பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பினால் பிள்ளைகள் பட்டியலையே பார்ப்பார்கள், ஆற்றைப் பார்க்கமாட்டார்கள். முதல்நாள் மாலையிலேயே எல்லாரும் அறிய வேண்டியவை எச்சரிக்கைச் சொற்கள் மட்டுமே. மழை பெய்தாலும் மலைமேல் மேகம் கறுத்தாலும் அன்றைய நடையைக் கைவிடுங்கள்.

இரண்டாவது, திரும்பியதும் எழுதச் சொல்லாதீர்கள், சொல்லச் சொல்லுங்கள். எந்த மொழிச்சொல் வாயில் வருகிறதோ அதுவே வரட்டும். ‘சுங்கை’ என்றாலும் ‘லோங்காங்’ என்றாலும் அங்கேயே திருத்த வேண்டாம். அந்தப் பொருளுக்கு இன்னும் என்னென்ன பெயர்கள் உண்டு என்று கேளுங்கள். முதல் சொல்லைப் பிடுங்கிக்கொண்டால் பிள்ளை வாய் மூடிவிடும். இரண்டாவது சொல்லைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் தங்கும்.

மூன்றாவது, வீட்டுப் பெரியவர்களை ஆசிரியராக்குங்கள். இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கும் தாத்தா பாட்டிகளே தோட்டத்து விடியலைக் காலால் அறிந்த கடைசித் தலைமுறையினர். மெர்லிமாவ், ஜாசின், டுரியான் துங்கால், புலாவ் செபாங் ஆகிய ஊர்களின் வீடமைப்புப் பகுதிகளில் அவர்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். ‘உங்கள் தோட்டத்தில் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடியது?’ என்னும் ஒரு கேள்வி போதும். சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வந்த சொல்லை அவர் ஒலித்தபடியே எழுதி, எந்தத் தோட்டம், எந்த ஆறு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இடம் குறிக்கப்படாத சொல் பாதிச்சொல். ஒரு பள்ளி ஆண்டுக்கு இருபது சொற்களைச் சேர்த்தாலும், பத்து ஆண்டுகளில் ஒரு வட்டாரச் சொல்லகராதி உருவாகும். பல்கலைக்கழக ஆய்வாளர் வந்து செய்யட்டும் என்று காத்திருந்தால், அவர் வரும்போது சொல்பவர் இருக்கமாட்டார்.

நான்காவது, மலையடிவாரம் செல்ல வாய்ப்பில்லாத நகர்ப் பள்ளிகள் மலாக்கா ஆற்றின் கரையிலேயே நடக்கலாம். நகரில் ஆற்றின் இருபுறமும் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். காலையில் சுற்றுலாப் படகுகள் ஓடத் தொடங்குமுன் அங்கும் அமைதி உண்டு. கரையோரத்தில் உடும்பு நீந்துவதைக் காணலாம். ஏற்றம், வற்றம் என்னும் கடற்சொற்களைக் கற்பிக்கவும் அவ்விடம் ஏற்றது. நீரிணையின் அலைப்பெருக்கு வந்து தொடும் கழிமுகம் அருகிலேயே இருக்கிறது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். தமிழில் உங்களுக்குச் சொல் வரவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். ‘லோங்காங்’ என்று சொன்ன அந்த மாணவனைப் பார்த்து யாரும் நகைக்கவில்லை. அவன் சொன்னதனால்தான் அல்லூர் வெளியே வந்தது. பேசாமலிருந்திருந்தால் அது பாட்டியின் நினைவிலேயே இருந்திருக்கும். தெரிந்த சொல்லைச் சொல்லுங்கள், தெரியாததைக் கேளுங்கள், கேட்ட சொல்லை அடுத்த வாரம் ஒருமுறையாவது பயன்படுத்துங்கள்.

காட்டுத்தடத்தை யாரும் சிமெண்டு பூசிக் காப்பதில்லை. நாளும் சிலர் நடப்பதால் அது தடமாக இருக்கிறது. ஒரு பருவம் யாரும் நடக்கவில்லையென்றால் லாலாங் மூடிவிடும். மீண்டும் நடந்தால் மீண்டும் திறக்கும். சொல்லும் அவ்வாறே வழங்குவதால் வழக்காகிறது. அல்லூர் என்னும் சொல் மலாக்காவில் இன்னும் மூடிப்போகவில்லை. அதனை அறிந்த கால்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு உங்களுடையது.